இயற்கைக் கல்லும் சவரக் கத்தியும்



'இயற்கை' என்ற சொல்லுக்கு இப்போது நல்ல விலை. சோப்பு உறையில் அது இருக்கிறது, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் இருக்கிறது, பற்பசையிலும் இருக்கிறது. இந்தச் சொல்லை ஒட்டிவிட்டால் போதும், அதற்கு மேல் கேள்வி கேட்பவர் குறைவு. இந்தச் சொல் வாணிபம் செய்யும் இடங்களில் நீங்கள் எதிர்பாராத ஒன்றைப் பற்றி இங்கே பேசப் போகிறேன். மடக்கும் சவரக் கத்தியைத் தீட்டுவதற்குப் பூமியிலிருந்து வெட்டி எடுத்த இயற்கைக் கல்தான் உயர்ந்தது, ஆலையில் செய்த கல் ஒருநாளும் அதற்கு ஈடாகாது என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பலர் உறுதியாக நம்புகிறார்கள். உள்ளங்கையைவிடச் சற்றே நீளமான ஒரு கல்லுக்கு ஒரு சைக்கிளின் விலையைக் கொடுப்பவர்கள்கூட உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கையில் கிடைத்தது என்பதற்காக ஒரு கல் நன்றாகத் தீட்டுவதில்லை. ஆனால் அந்தக் கல் ஏன் தீட்டுகிறது என்ற கேள்வி, உங்கள் பாடப்புத்தகத்தில் உராய்வு பற்றி வரும் பக்கங்கள் அனைத்தையும்விடச் சுவையானது. கல்லைக் கும்பிடுகிறவர்களும் அதைப் பொருட்படுத்தாதவர்களும் இந்தக் கேள்வியை ஒன்றுபோலத் தவறவிடுகிறார்கள் என்பதே என் குறை.

முதலில் கத்தியைப் பார்ப்போம். நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு கார்பன் கலந்த எஃகினால் ஆனது அது. செந்தணலாகக் காய்ச்சி, எண்ணெயில் சட்டென்று குளிரவைத்து, மறுபடி சுமார் 200 டிகிரி சென்டிகிரேடு வரை மெல்லச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். அதன் குறுக்கு வெட்டைக் கற்பனை செய்யுங்கள். மேலே தடித்த முதுகு, கீழே ஒன்றுமில்லாமல் போகும் விளிம்பு, இடையில் இருபுறமும் உள்நோக்கிக் குழிந்த கன்னங்கள்.

இந்தக் கத்தியைத் தீட்டும்போது முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படும்படி படுக்கவைத்துத் தள்ள வேண்டும். சமையலறைக் கத்தியைத் தீட்டுகிறவர் 'எத்தனை கோணத்தில் சாய்ப்பது' என்று கையால் நிதானிக்க வேண்டியிருக்கிறது. சவரக் கத்தியில் அந்தத் தொல்லை இல்லை. முதுகின் தடிப்பே கோணத்தைத் தீர்மானித்துவிடுகிறது. முதுகின் தடிப்பு 5.5 மி.மீ., கத்தியின் அகலம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தடிப்பை அகலத்தால் வகுத்தால் 0.1375. எந்தக் கோணத்தின் டேன்ஜெண்ட் இது என்று அட்டவணையில் பார்த்தால் ஏறத்தாழ 8 டிகிரி. இரண்டு பக்கமும் சேர்ந்து 16 டிகிரி. ஆண்டுக்கணக்கில் தீட்டித் தீட்டிக் கத்தி தேயும்போது அகலம் குறையும். அதே சமயம் கல்லில் உரசும் முதுகும் தேய்ந்து தடிப்புக் குறையும். ஆகவே கோணம் பெரிதாக மாறுவதில்லை. இதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. எனினும் நல்ல பொறியியல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

விளிம்பு எவ்வளவு மெல்லியது? நன்றாகத் தீட்டிய சவரக் கத்தியின் விளிம்பு அரை மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தாடி முடியின் குறுக்களவோ சுமார் 100 மைக்ரான். இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு கிராம் எடையளவு விசையால், அதாவது 0.01 நியூட்டன் விசையால், கத்தி ஒரே ஒரு முடியை அழுத்துகிறது என்போம். விசை படும் பரப்பு 100 மைக்ரான் நீளம், அரை மைக்ரான் அகலம். அழுத்தத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். சுமார் 20 கோடி பாஸ்கல் வரும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் 2,000 மடங்கு! மனித முடியை இழுத்து அறுக்கத் தேவைப்படும் தகைவும் ஏறத்தாழ இந்த அளவுதான். முடி வேறு வழியின்றி விட்டுக்கொடுக்கிறது. விளிம்பு மழுங்கி 5 மைக்ரான் அகலமாகிவிட்டால் அதே விசை 200 மடங்குதான் தரும். அப்போது முடி அறுபடாமல் வளையும், வேரோடு இழுபடும், முகம் எரியும். சவரத்துக்கு முன் முகத்தை வெந்நீரில் நனைப்பதும் இதனால்தான். முடியின் கெரட்டின் புரதம் நீரை உறிஞ்சி மெதுவாகிவிடும்.

இனிக் கல்லுக்கு வருவோம். எல்லாக் கல்லும் இதற்கு உதவாது. உலகில் சவரக் கத்திக்குப் புகழ்பெற்ற கற்கள் கிடைக்கும் இடங்கள் ஒரு சிலவே. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரைச் சுற்றிய குன்றுகளில் நோவாகுலைட் என்ற பாறை உண்டு. கிட்டத்தட்ட முழுவதும் சிலிக்காவே ஆன பாறை. 'நோவாகுலா' என்றால் இலத்தீன் மொழியில் சவரக் கத்தி; பாறைக்கே கத்தியின் பெயர் வந்துவிட்டது. ஜப்பானில் கியோட்டோ நகருக்கு அருகிலுள்ள மலைகளில் வேறொரு வகை. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலின் அடியில் மெல்லப் படிந்த களியும், நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகளும் இறுகிக் கல்லானது அது. அங்குள்ள சுரங்கங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன.

எனக்கு மிகவும் பிடித்தது பெல்ஜியத்துக் கல். அந்நாட்டின் தென்கிழக்கே ஆர்டென் மலைக்காட்டில் வீல்சால்ம் என்ற சிற்றூரைச் சுற்றி, ஊதாவும் நீலமும் கலந்த பலகைக்கல் பாறைகளுக்கு நடுவே வெளிர் மஞ்சள் நிறத்தில் மெல்லிய அடுக்குகள் ஓடுகின்றன. அதன் பெயர் கோட்டிகூல். பல இடங்களில் அடுக்கின் தடிப்பு ஒரு சில மில்லிமீட்டர், சில இடங்களில் ஒரு சில சென்டிமீட்டர், அவ்வளவுதான். பாறையை வெட்டி வெளியே கொண்டுவந்து, அறுத்து, மஞ்சள் பகுதி உடையாமலிருக்க அடியில் பலகைக்கல்லை ஒட்டி விற்பார்கள். இயற்கையிலேயே நீலக்கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் துண்டுகளும் உண்டு. பல தலைமுறைகளாக நடந்த இந்தத் தொழில், சவரக் கத்தி வழக்கொழிந்ததும் நலிந்து, 1980-ஐ ஒட்டிச் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1990-களில் சிறிய அளவில் மறுபடி தொடங்கியது. சால்ம்சாட்டோ என்ற இடத்தில் இந்தக் கல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் அமைத்திருக்கிறார்கள்.

அந்த மஞ்சள் கல்லுக்குள் என்ன இருக்கிறது? சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தில் மரமோ விலங்கோ இல்லாத காலத்தில், ஒரு கடலின் அடியில் மாங்கனீசு மிகுந்த நுண்சேறு படிந்தது. பிறகு மலைகள் எழுந்தபோது அழுத்தமும் வெப்பமும் அந்தச் சேற்றை மாற்றின. அதிலிருந்து இரண்டு கனிமங்கள் உருவாயின. ஒன்று அபிரகம். மிக மெதுவானது; நகத்தால் கீறலாம். மற்றொன்று கார்னெட். நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகம் இந்தக் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரையில் மணலில் சிவப்பாக வரிவரியாகத் தெரிகிறதே, அதிலும் இந்தக் குடும்பத்தின் வேறொரு பிள்ளை உண்டு. பெல்ஜியத்துக் கல்லில் இருப்பது மாங்கனீசு கலந்த கார்னெட். கல்லின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் இந்தக் குருணைகள் நிரம்பியிருக்கின்றன. ஒவ்வொன்றும் 5 முதல் 15 மைக்ரான் வரை.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. விளிம்பு அரை மைக்ரானுக்கும் குறைவு என்றேன். அதை உருவாக்கும் குருணையோ பத்து மைக்ரான். அரிசியில் ஓட்டை போடக் கடப்பாரையை எடுத்தது போலல்லவா இருக்கிறது?

புதிரை அவிழ்க்க இரண்டு செய்திகள் வேண்டும். கார்னெட் படிகம் பன்னிரண்டு சாய்சதுர முகங்கள் கொண்டது. அடுத்தடுத்த முகங்கள் 120 டிகிரி விரிகோணத்தில் சந்திக்கின்றன. உடைந்த கண்ணாடிச் சில்லு போன்ற ஊசிமுனை அதற்குக் கிடையாது. ஏறத்தாழ ஓர் உருண்டை என்றே சொல்லலாம். மேலும், அந்த உருண்டை அபிரகத்துக்குள் கழுத்தளவு புதைந்திருக்கிறது. மேலே எட்டிப் பார்ப்பது அதன் உச்சி மட்டுமே. ஆகவே குருணை பெரிதானாலும் அது எஃகில் போடும் கீறல் மிக ஆழமற்றது. கடினத்தையும் கவனியுங்கள். மோ அளவுகோலில் கார்னெட் 7-ஐ ஒட்டி நிற்கிறது. கடினமாக்கிய எஃகு அதற்கு ஒரு படி கீழேதான். வேறுபாடு சிறிதாக இருப்பதால் கல் எஃகை அள்ளி எடுப்பதில்லை, வருடி எடுக்கிறது.

கீறலின் ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம்? இதற்கும் ஒரு கணக்கு உண்டு. வடிவொத்த முக்கோணங்கள் தெரிந்தால் போதும். விளிம்புக்கு அருகே கன்னத்தில் ஒரு கீறல் விழுகிறது. கீறல் விளிம்பைத் தொடும் இடத்தில் உலோகத்தின் தடிப்பு கீறலின் ஆழத்தைவிடக் குறைவாக இருந்தால் அங்கே உலோகமே இராது. ஒரு பள்ளம் விழுந்துவிடும். அந்தப் பள்ளம் எவ்வளவு உள்ளே போகும்? கத்தியின் அகலத்தைத் தடிப்பால் வகுத்த அளவு. 20-ஐ 5.5-ஆல் வகுத்தால் மூன்றரைக்குச் சற்று மேல். அதாவது கீறல் எவ்வளவு ஆழமோ, அதைப்போல் மூன்றரை மடங்கு பள்ளம் விளிம்பில் விழும். கோணம் 30 டிகிரியுள்ள ஒரு சமையலறைக் கத்திக்கு இது இரண்டு மடங்குகூட வராது. கோணம் குறுகக் குறுகக் கல்லின் நேர்த்தி கூட வேண்டும் என்பதைத் தொழிலாளி கை அனுபவத்தால் அறிந்தார். நாம் முக்கோணத்தால் அறிகிறோம்.

தெருவில் சாணை பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளை மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றி, பூப்பூவாகப் பொறி பறக்க அரிவாளைத் தீட்டுவார். சவரக் கத்தியின் விளிம்பை அப்படித் தீட்டக் கூடாது. பொறி என்பது காய்ந்து எரியும் இரும்புத் துகள். காகிதத்தைவிட மெல்லிய விளிம்பில் பிறக்கும் வெப்பம் பரவிச் செல்ல இடமில்லை. 200 டிகிரியைத் தாண்டினால் பதம் போய்விடும். விளிம்பு மஞ்சளாகி நீலம் பூத்தால் கத்தி கெட்டது என்று பொருள். ஆகையால்தான் தட்டையான கல், மெதுவான கை, நிறைய நீர். நீர் வெப்பத்தைத் தணிக்கிறது. தேய்ந்த உலோகத் தூளை அடித்துச் செல்கிறது. சில கற்களுக்கு நீரும் சில கற்களுக்கு எண்ணெயும் உகந்தவை என்று உரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். சவரக் கடைகளில் உமிழ்நீரால் நனைத்துத் தீட்டும் கற்களும் அவர் பட்டியலில் இடம்பெறுகின்றன. அதைப் படித்தபின் உரோமாபுரியில் சவரம் செய்துகொள்ளும் ஆசை எனக்குப் போய்விட்டது.

கல்லில் முடிந்ததும் தோல்வாரில் கத்தியை முன்னும் பின்னும் இழுப்பார்கள். அங்கே விளிம்பு பின்னே, முதுகு முன்னே போகும். தோல் எஃகைவிட எவ்வளவோ மெதுவானது. ஆயினும் வளைந்து நிற்கும் நுண்ணிய உலோக இழைகளை நிமிர்த்தவும் உதிர்க்கவும் அதற்கு வலு உண்டு.

இத்தனையும் பெல்ஜியத்துக் கல்லின் பெருமைதானே, பின் ஏன் குறை சொல்கிறீர் என்று நீங்கள் கேட்கலாம். நான் சொன்ன காரணங்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். குருணையின் வடிவம், அது புதைந்திருக்கும் ஆழம், கடினம், கீறலின் ஆழம். இவற்றுள் 'இயற்கை' என்ற காரணம் எங்கேயாவது வருகிறதா? 1891-இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் சிலிக்கன் கார்பைடைத் தயாரித்தார். மோ அளவுகோலில் 9-க்கு மேல் நிற்கும் பொருள் அது. அதன் பின் செயற்கை அலுமினாவும் வந்தது. இவற்றைப் பொடித்து, ஒரே அளவுள்ள துகள்களாகச் சலித்துப் பிரித்து, பிணைத்துக் கல்லாக்கலாம். ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துகள்களால் ஆன கல் இன்று கடையில் கிடைக்கிறது. இன்று வாங்கும் கல்லும் அடுத்த ஆண்டு வாங்கும் கல்லும் ஒரே மாதிரி இருக்கும். இயற்கைக் கல்லில் அந்த உறுதி இல்லை. ஒரே சுரங்கத்தில் ஓர் அடுக்கு வேகமாகத் தீட்டும், அடுத்த அடுக்கு சோம்பும். நடுவில் ஒரு குவார்ட்ஸ் நரம்பு ஓடினால் கத்தியின் விளிம்பு போயிற்று. நல்ல கல்லை இனங்காண வாழ்நாள் அனுபவம் வேண்டியிருந்தது என்பதே இயற்கைக் கல்லின் குறையைக் காட்டுகிறது. அதைக் கல்லின் பெருமையாக மாற்றிப் பேசுவது சரியல்ல.

இயற்கைக் கல்லின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். பெல்ஜியத்துக் கல்லின் மேல் சிறு கல் ஒன்றை வைத்து நீர்விட்டு உரசினால் பால் போன்ற குழம்பு வரும். அதில் கார்னெட் குருணைகள் விடுபட்டு உருளும். கத்தி விரைவாகத் தேயும். ஆனால் உருளும் குருணைகள் விளிம்பிலும் மோதும். ஆகவே ஓரளவுக்கு மேல் கூர் ஏறாது. பிறகு சொட்டுச் சொட்டாக நீரைச் சேர்த்துக் குழம்பை மெலியச் செய்து, கடைசியில் வெறும் நீரில் தீட்டி முடிப்பார்கள். மூன்று செயற்கைக் கற்கள் செய்யும் வேலையை ஒரே கல் செய்துவிடுகிறது. இது உண்மையான வசதி. இதை விளக்கலாம், அளக்கலாம். 'இந்தக் கல் தரும் விளிம்பு முகத்துக்கு மென்மையாக இருக்கும்' என்று சொல்வது வேறு வகை. அதுவும் மெய்யாக இருக்கக்கூடும். ஆனால் சொல்கிறவருக்குத் தாம் எந்தக் கல்லில் தீட்டினோம் என்பது முன்பே தெரியும்! பெரும் விலை கொடுத்து வாங்கியவர் முகம் வேறு என்ன சொல்லும்? ஒரே ஆலையில் செய்த இரண்டு கத்திகள், இரு வகைக் கற்கள், ஒரே தோல்வார். எந்தக் கத்தி எந்தக் கல்லில் தீட்டியது என்பது மூன்றாவது ஆள் ஒருவருக்கு மட்டுமே தெரிய வேண்டும். பலபேர் முகத்தில் இடப்பாதிக்கு ஒன்று, வலப்பாதிக்கு ஒன்று என்று சவரம் செய்து தீர்ப்புச் சொல்லட்டும். அதற்குப் பிறகு பேசுவோம்.

சோதிக்காமல் நம்பினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் சவரத் துறையிலேயே சான்று உண்டு. 1959-இல் அன்றைய செக்கோஸ்லோவாகியாவில் ஒருவர், எகிப்தியப் பிரமிடு வடிவத்தில் அட்டைக் கூண்டு செய்து அதற்குள் பழைய பிளேடை வைத்தால் அது கூராகவே இருக்கும் என்று சொல்லிக் காப்புரிமையே பெற்றுவிட்டார். பிரமிடுக்கு அப்படி ஒரு சக்தியும் இல்லை. காப்புரிமை என்பது அறிவியல் சான்றாகாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர்கள் செய்யும் தலைமுடிச் சோதனையும் இப்படி ஆராயத்தக்கது. தொங்கும் ஒரு முடியை விளிம்பின் மேல் விட்டால் அது தானாக அறுபட வேண்டும் என்பார்கள். நல்ல சோதனைதான், ஆனால் முடியின் மேல் மீன் செதில் போன்ற செதில்கள் நுனியை நோக்கி அடுக்கப்பட்டுள்ளன. எந்த முனையைப் பிடித்துக்கொண்டு தொங்கவிடுகிறோம் என்பதைப் பொறுத்து, விளிம்பு செதிலில் மாட்டும் அல்லது வழுக்கும். முடியின் தடிப்பும் ஈரமும் வேறு மாறும். இவற்றை நிலையாக வைக்காமல் இரண்டு கத்திகளை ஒப்பிட முடியாது.

இனி மற்றொரு சாராரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'கத்தி தீட்டுவதில் என்ன ஐயா அறிவியல் இருக்கிறது, அது சவரத் தொழிலாளியின் வேலை' என்று முகம் சுளிப்பவர்கள். படித்தவர்களிடையே இவர்களே அதிகம். நம் நாட்டில் இந்தச் சுளிப்புக்குப் பின்னால் சாதி ஒளிந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முகம் சுளிப்பவர்களுக்கு நான் மைக்கேல் ஃபாரடேயைக் காட்டுவேன். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த அதே ஃபாரடேதான். அவர் ஒரு கொல்லரின் மகன். 1818-ஐ ஒட்டி, இலண்டனில் கத்திகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து எஃகு ஆராய்ச்சியில் இறங்கினார். அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று, தென்னிந்தியக் கொல்லர்கள் மூசையில் உருக்கிச் செய்து 'ஊட்ஸ்' என்று ஐரோப்பாவில் பெயர் பெற்றிருந்த எஃகு. அதன் இரகசியம் என்னவென்று ஃபாரடே 1819-இல் ஆராய்ந்து எழுதினார். பிறகு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் முதலியவற்றை எஃகோடு கலந்து பார்த்து, 1820-லும் 1822-லும் இருவரும் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த எஃகில் சவரக் கத்திகள் செய்து ஃபாரடே தம் நண்பர்களுக்குப் பரிசாகவும் அளித்தார். கத்தித் தொழிலாளியோடு ஒரே மேசையில் நின்று வேலை செய்வது அவருக்கு இழிவாகப் படவில்லை.

நியூட்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றுவது என்பது கீறல்களை அழிப்பதன்று, கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு அவற்றைச் சிறிதாக்குவதே என்று விளக்கினார். கல்லில் கத்தி தீட்டுவதும் இதேதான்.

இந்த ஆராய்ச்சி பழங்கதையுமன்று. எஃகு முடியைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமானது. அப்படியிருக்க, முடியை வெட்டி வெட்டிக் கத்தி ஏன் மழுங்குகிறது? நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி! மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான்லூக்கா ரோசியோலி என்ற ஆராய்ச்சி மாணவர் தம் தாடியையே மழித்து, ஒவ்வொரு முறையும் பிளேடை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு சீராகத் தேய்ந்து உருண்டுபோகவில்லை. அங்கங்கே சிறு சிறு சில்லுகளாகப் பெயர்ந்திருந்தது. முடி நேராக நில்லாமல் வளைந்து விளிம்பைப் பக்கவாட்டில் நெம்பும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில், சில்லு பெயர்கிறது என்று அவரும் அவர் குழுவினரும் 2020-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான மனிதர்கள் செய்யும் ஒரு செயலின் காரணம் 2020-இல்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. குளியலறைக் கண்ணாடி முன் இன்னும் எத்தனை கேள்விகள் காத்திருக்கின்றனவோ!

மடக்குக் கத்தி நம் ஊர்ச் சலூன்களிலிருந்து போய்விட்டதே என்று நான் வருந்தவில்லை. ஒரே கத்தியைப் பலருக்கும் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ்-பி, எச்.ஐ.வி. போன்ற நோய்க்கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவ இடமுண்டு. ஆளுக்கு ஒரு புது பிளேடு என்ற வழக்கம் வந்தது நல்லதே. கத்தி போகட்டும். அதோடு சேர்ந்து, அதைத் தீட்டிய கைக்குள் இருந்த இயற்பியலும் யாரும் எழுதி வைக்காமல் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உராய்வின் நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறீர்கள். ஆய்வுக்கூடத்தில் ஸ்குரூ கேஜ் இருக்கிறது, நுண்ணோக்கி இருக்கிறது. ஒரு தீட்டுக்கல் இல்லை. மூன்று தரத்தில் மூன்று கற்கள், ஒரு துண்டு எஃகுப் பட்டை, ஒரு நுண்ணோக்கி. இவ்வளவு இருந்தால் கல்லின் தரத்துக்கும் கீறலின் அகலத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு வகுப்பு முழுவதும் வரைபடமாகப் போட்டுவிடலாம். எந்தக் கல் இயற்கை, எந்தக் கல் செயற்கை என்று ஆசிரியர் வரைபடம் முடியும்வரை சொல்லாமலிருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல வோல்ட்மீட்டரின் விலையைத் தாண்டாது.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்தக் கூரான பொருளையும் விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். இதற்குக் கண் மட்டும் போதும். இரவில் ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு, அம்மாவின் அரிவாள்மணையை அவர் நிறுத்தியிருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, விளிம்புக்கு நேரே சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். மழுங்கிய இடம் ஒரு சிறு உருளையைப் போல் ஒளியைத் திருப்பி அனுப்பும். வெள்ளைக் கோடாகத் தெரியும். கூரான இடத்தில் கோடு இராது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. விளிம்பு அந்த அளவை நெருங்கும்போது ஒளியைத் திருப்பி அனுப்ப அதனிடம் போதிய பரப்பு இருப்பதில்லை. வெள்ளைக் கோடு அலகின் எந்தப் பகுதியில் நீளமாக இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். வீட்டில் எந்தக் காய் அதிகம் நறுக்குகிறார்கள், அலகின் எந்தப் பகுதியில் வைத்து நறுக்குகிறார்கள் என்பதையும் அருகே எழுதுங்கள். சாணை பிடித்து வந்த அன்று இரவு மறுபடி ஒருமுறை வரைந்து, இரண்டு படங்களையும் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.